புது வேர்ஷன் நிலையானதா?

ஒலிப்பதிவு மென்பொருளின் புது வேர்ஷன் வந்தால் உடனே இறக்குகிறோம். இரண்டு நிமிசம் பாடிப் பதிகிறோம். இடையில் நிற்கவில்லை என்றால் 'சூப்பர், பிரச்சினை இல்லை' என்று முடிவு கட்டுகிறோம். அது போதாது என்பதுதான் எங்கட கருத்து.

ஓடாசிட்டியையே எடுங்கோவன். முன்னர் ஒரு பாட்டின் வேலை ஒரு சின்னக் கோப்பாகவும், துண்டு துண்டான ஒலிகள் நிறைந்த ஒரு கோப்புறையாகவும் கிடக்கும். 2021 மார்ச்சில் வந்த 3.0 வேர்ஷன் எல்லாவற்றையும் ஒரே கோப்புக்குள் கொண்டுவந்தது. நல்ல மாற்றந்தான். ஆனால் அந்தக் கோப்பைப் பழைய 2.4 திறக்காது. புதுசு ஒருக்காலும் முடங்காவிட்டாலும், திரும்பிப் போகிற வழி அடைபட்டுவிடும். நிலைத்தன்மையை அளக்கும்போது இதையும் கணக்கில எடுக்கவேணும்.

ஆகவே பழைய வேலையின் பிரதி ஒன்றில் மட்டும் சோதியுங்கோ. ஒரு மணித்தியாலம் பதிந்து, சேமித்து, மூடி, திரும்பத் திறந்து கேளுங்கோ. முக்கியமான பதிவுகளை வேவ் கோப்பாகவும் எடுத்து வையுங்கோ. பாதிப் பாட்டில் வேர்ஷன் மாற்றவே வேண்டாம்.

மென்பொருளைத் திரும்ப இறக்கலாம். அம்மம்மா பாடின தாலாட்டைத் திரும்பப் பதிய ஏலுமோ?