பக்திகா மக்களைக் கொன்றது எது?

ஆப்கானிஸ்தானின் தென்கிழக்கில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டிக் கிடக்கும் மலை மாகாணங்கள் பக்திகாவும் கோஸ்த்தும். 2022 ஜூன் 22 அன்று நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி நெருங்கும் நேரம். ஊரே உறக்கத்தில் இருந்தபோது பூமி குலுங்கியது. விடிந்தபோது கயான், பர்மல், ஸ்பேரா வட்டாரங்களில் பல கிராமங்கள் மண்மேடுகளாகக் கிடந்தன. ஆயிரத்திற்கும் அதிகமானோர் மௌத்தானார்கள். அவர்களில் குறைந்தது 155 பேர் குழந்தைகள் என்று ஐ.நா. கணக்கிட்டது. உயிர் பிழைத்தவர்கள் கையாலும் மண்வெட்டியாலும் இடிபாடுகளைத் தோண்டினார்கள். பிறகு அதே மண்வெட்டியால் வரிசையாகக் கபர் வெட்டினார்கள்.

அந்தப் பூகம்பத்தின் அளவு 5.9. விஞ்ஞானிகள் இதை 'நடுத்தரப் பூகம்பம்' என்று வகைப்படுத்துகிறார்கள். நடுத்தரமான ஒரு குலுக்கல் எப்படி ஆயிரம் உயிர்களைப் பறித்தது?

அதே ஆண்டு மார்ச் 16ல் ஜப்பானின் ஃபுகுஷிமா கடற்கரைக்கு அப்பால் ஒரு பூகம்பம் ஏற்பட்டது. அதன் அளவு 7.4. அளவுகோலில் ஒரு புள்ளி கூடினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் பக்திகாவை விட 170 மடங்குக்கும் அதிகமான சக்தி அங்கே வெளிப்பட்டது. ஆனால் மாண்டவர்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவர்களே. ஜப்பானில் அது கடலுக்கடியில் ஆழத்தில் நிகழ்ந்தது. பக்திகாவிலோ காலடியில், பத்து கிலோமீட்டர் ஆழத்திலேயே நிகழ்ந்தது என்பது உண்மைதான். ஆனால் ஆயிரம் ஜனாஸாக்களுக்கு அந்த ஒரு காரணம் போதாது.

பக்திகாவின் வீட்டைப் பாருங்கள். மண்கட்டியாலோ, கல்லை மண்சாந்தில் அடுக்கியோ எழுப்பிய சுவர். அதன் மேல் மர உத்திரம். உத்திரத்தின் மேல் கனமான மண் கூரை. மழைக்கு ஒழுகினால் மேலும் ஒரு பூச்சு மண். இப்படி ஆண்டுக்கு ஆண்டு கூரையின் பாரம் ஏறிக்கொண்டே போகும். மேலிருந்து வரும் பாரத்தை அந்தச் சுவர் தாங்கும். பக்கவாட்டில் ஆட்டினால் தாங்காது. சுவர் சரிந்ததும் கூரை முழுவதும் உறங்குகிறவர்கள் மீது விழுகிறது. மண் தூளாகி மூச்சை அடைக்கிறது. கான்கிரீட் இடிபாட்டில் இருக்கும் இடைவெளி கூட இங்கே கிடைப்பதில்லை. ஏழைக்குக் கையில் கிடைத்தது மண். அந்த மண்ணே அவனை மூடியது.

இத்தகைய செய்தி வந்ததும் "இது இறைவனின் தண்டனை" என்று பேசச் சிலர் கிளம்பி விடுகிறார்கள். உறங்கிக் கொண்டிருந்த பச்சிளம் குழந்தைகள் எந்தக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டார்கள்? மறைவான ஞானம் தங்களிடம் இருப்பது போல் இவர்கள் தீர்ப்பு வழங்குவது எந்த உரிமையில்? கத்ரை நம்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டான். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் பேசுவதை மார்க்கம் நமக்குக் கற்றுத் தரவில்லை. தண்டனை என்று சொல்லிவிட்டால் யாரும் யாரிடமும் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. அதனால்தான் அந்தப் பேச்சு பலருக்கும் வசதியாக இருக்கிறது.

நாம் கணக்குக் கேட்போம்.

முதல் கணக்கு, எல்லைக் கோட்டின் கணக்கு. 1893ல் ஆங்கிலேய அதிகாரி டியூராண்ட் இழுத்த கோடு ஒரே பஷ்தூன் சமூகத்தை இரண்டாகப் பிளந்தது. கோட்டின் இரு பக்கமும் அரசுகள் மாறின. சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் மட்டும் அந்த மலைகளை எட்டவில்லை. 2014ல் வடக்கு வஜீரிஸ்தானில் நடந்த ராணுவ நடவடிக்கையால் விரட்டப்பட்ட மக்கள், கோட்டைத் தாண்டி வந்து இதே கோஸ்த்திலும் பக்திகாவிலும்தான் ஒதுங்கினார்கள். பூகம்பத்திற்கு இரண்டு மாதம் முன்பு, 2022 ஏப்ரல் 16ல், ஸ்பேராவில் வானிலிருந்து குண்டு விழுந்தது. பூகம்பத்தில் தப்பிய பர்மல் மீது 2024 டிசம்பரில் குண்டு வீசப்பட்டு 46 பேர் கொல்லப்பட்டதாகக் காபூல் அரசு அறிவித்தது. இரண்டு முறையும் விரல் நீண்டது பாகிஸ்தான் விமானப் படையை நோக்கி. பூமி ஆடாத நாளிலும் நிம்மதியாக உறங்க முடியாத மக்கள் இவர்கள்.

கயானில் இருந்த சிறு மருத்துவ நிலையத்தில் ஐந்தே படுக்கைகள். அதன் வாசலில் நூற்றுக்கணக்கான காயம்பட்டவர்கள். மழையும் மண்சரிவும் பாதையை அடைத்ததால் ஹெலிகாப்டரை நம்ப வேண்டியதாயிற்று. இரண்டே நாளில் தேடுதல் பணி முடிந்தது.

இரண்டாவது கணக்கு, பணத்தின் கணக்கு. 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியதும் ஆப்கான் மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலரை அமெரிக்கா தன் மண்ணில் முடக்கியது. 2022 பிப்ரவரியில் அதில் பாதியை, செப்டம்பர் 11 தாக்குதலில் பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்குகளுக்காக ஒதுக்கி வைத்தது. அந்தத் தாக்குதலுக்கும் கயானின் விவசாயிக்கும் என்ன சம்பந்தம்? ஆட்சியாளர்களோடு சண்டை என்றால் அவர்களோடு போடட்டும். முடக்கப்பட்டது ஒரு தேசத்து மக்களின் சேமிப்பு.

மூன்றாவது கணக்கைக் காபூல் ஆட்சியாளர்களிடமே கேட்க வேண்டும். நம்மவர்கள் என்பதற்காக வாய் மூடி இருப்பது நீதி ஆகாது. ஆண் மருத்துவர் பெண்களுக்குச் சிகிச்சை தரக் கூடாது என்றால் பெண் மருத்துவர்களை உருவாக்குவது அரசின் கடமை. அவர்களோ 2024 டிசம்பரில் பெண்களின் மருத்துவப் படிப்புக்கும் கதவைச் சாத்தினார்கள். 2025 ஆகஸ்ட் 31 இரவு, இன்னொரு எல்லை மாகாணமான குனாரில் 6.0 அளவில் பூமி ஆடியது. 2,200க்கும் அதிகமானோர் மாண்டார்கள். அப்போது பெண் நிவாரணப் பணியாளர்கள் மீதான தடைகளை நீக்கும்படி உலக சுகாதார நிறுவனம் கேட்க வேண்டிய நிலை வந்தது. காயம்பட்டுக் கிடக்கும் பெண்ணைக் கவனிக்க ஒரு பெண் இல்லாத நிலையை எந்த மார்க்கத்தின் பெயரால் நியாயப்படுத்துவது?

பக்திகாவிற்கும் குனாருக்கும் இடையே மூன்று ஆண்டுகள். நடுவில், 2023 அக்டோபரில், ஹெராத்தின் கிராமங்களும் இதே போல் மண்ணாயின. மூன்று இடத்திலும் அதே மண் சுவர். போர்வையும் கூடாரமும் மூன்று முறையும் போய்ச் சேர்ந்தன. பக்திகாவில் ஐ.நா. அகதிகள் ஆணையம் பூகம்பத்தைத் தாங்கும் வீடுகளையும் கட்டிக் கொடுத்தது. ஆனால் செத்தவர்களின் ஊருக்குப் பிறகு வந்த அந்த வீடு, அடுத்து ஆடப் போகிற ஊருக்கு முன்கூட்டியே போகவில்லை.

இது இந்தியா அறியாத பாடம் அல்ல. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மராட்டியத்தின் கில்லாரியில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரை மூடியதும் மண்சாந்துக் கல்சுவரும் கனத்த மண் கூரையும்தான். 2001 பூகம்பத்திற்குப் பிறகு எல்லை மாவட்டமான கட்ச்சில் கொத்தனார்களுக்குப் பயிற்சி தந்து, வீட்டுக்காரர்களே தங்கள் வீட்டைக் கட்டிக்கொள்ள அரசு தவணை தவணையாகப் பணம் கொடுத்தது. பக்திகாவிற்கு இந்தியா 27 டன் நிவாரணப் பொருள் அனுப்பியது, நல்ல காரியம். அதோடு கட்ச் கற்றுத் தந்த தொழிலையும் அனுப்பட்டும். மூலைகளை இணைத்து, சுவரைச் சுற்றி மரச்சட்டத்தால் 'பெல்ட்' போட்டு, கூரை மண்ணைக் குறைத்தாலே சாவு குறையும். இதற்குக் கோடிகள் தேவையில்லை.

வியாபாரப் பெருமக்களே! ஸதகா கொடுக்கும்போது பசித்த வயிற்றை நினைக்கிறீர்கள். விழாத சுவரும் ஸதகாதான் என்பதையும் நினையுங்கள். எங்கே பேரிடர் நடந்தாலும், நிவாரண நிதி திரட்டுகிறவர்களிடம் "போர்வைக்குப் பிறகு என்ன?" என்று கேளுங்கள். இளைஞர்களே! உங்களில் பொறியியல் படித்தவர்கள் இருக்கிறீர்கள். ஏழையின் மண் வீட்டை எப்படி நிற்க வைப்பது என்று கற்றுக்கொள்ளுங்கள்; அந்தக் கல்விக்கு எல்லைக் கோடு கிடையாது.

பூமி மீண்டும் ஆடும். இந்திய நிலத்தட்டு வடக்கே நகர்ந்து மோதிக்கொண்டே இருக்கும் வரை அந்த மலைகளுக்கு ஓய்வில்லை. அதை நிறுத்தும் ஆற்றல் எந்த மனிதனுக்கும் இல்லை. கூரை விழாமல் பார்த்துக் கொள்ளும் ஆற்றல் நமக்கு உண்டு. அதைப் பற்றித்தான் நாம் விசாரிக்கப்படுவோம்.