தேனீ உழைக்குது நம்ம தோட்டத்தில்! லாபம் போவது யார் வீட்டுக்கு?

விவசாயப் பெருங்குடி மக்களே!

தேன் எடுக்கிறது நம்ம தோட்டத்துப் பூவில். ஆனால் தேன் வேண்டுமென்றால் நாமே டவுனுக்குப் போய் பாட்டில் வாங்குகிறோம். இது என்ன கொடுமை?

அந்தப் பாட்டிலில் இருப்பதாவது தேனா? 2020 டிசம்பரில் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 கம்பெனிகளின் 22 மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தது. எல்லாச் சோதனையிலும் தேறியது ஐந்தே ஐந்து! மற்றதில் பாகு கலப்படம். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது எல்லாம் இந்தப் பாகைக் காட்டிக் கொடுக்காது. உறைந்தால் கலப்படம் என்பதும் தப்பு. நல்ல தேனும் உறையும். எந்த ஊர், யார் வளர்த்தது என்று தெரிந்து வாங்குவதே நமக்கு வழி.

அதைவிட நல்ல வழி, நாமே வளர்ப்பது. மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் துளிர்விடும் காலத்தில் தேன் எடுக்கிறார்கள் சிறு விவசாயிகள். 1990-களின் தொடக்கத்தில் சாக் புரூட் நோய் வந்து புழுக்கள் செத்து, பெட்டி பெட்டியாகக் காலியானது. அதற்கும் அசராமல் மறுபடி எழுந்தவர்கள் அவர்கள்.

ஆரம்பிக்க இரண்டு பெட்டி போதும். இந்தியத் தேனீயை, ராணியோடு, அனுபவம் உள்ளவரிடம் வாங்குங்கள். நிழலில் வையுங்கள். எறும்பு ஏறாமல் ஸ்டாண்டு கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பூ இல்லாத மழைக்காலத்தில் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக் காப்பாற்றுங்கள். அந்த நேரத்தில் தேன் எடுக்காதீர்கள். மேல் அறையில், மெழுகு மூடிய அடையில் மட்டும் எடுங்கள். புழு அறையில் கை வைக்காதீர்கள்.

பெட்டிக்கு ஆண்டுக்கு ஆறு, எட்டு கிலோ தேன்தானே என்று நினைக்க வேண்டாம். தேனீ வராவிட்டால் சுரையும் பூசணியும் பிஞ்சிலேயே வெம்பி விழும். தென்னை, சூரியகாந்திக்கும் தேனீயால் காய்ப்பு கூடும். இந்தக் கூலியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை!

நம்ம பக்கமும் தப்பு இருக்கு. கடைக்காரர் சொன்னார் என்று பூத்த பயிரில் காலையிலேயே மருந்து அடிக்கிறோம். பூவுக்கு வந்த தேனீ செத்து விழுகிறது. அடித்தே தீரவேண்டும் என்றால், தேனீ கூடு திரும்பிய பிறகு சாயங்காலம் அடிப்போம்.

ஆனால் பொறுப்பு முழுக்க நம்ம தலையிலா? தேனீ வளர்ப்புக்கு 500 கோடி ரூபாய் என்று 2020-இல் மத்திய அரசு அறிவித்தது. நம்ம ஊருக்கு எத்தனை பெட்டி வந்தது? கிராமசபையில் எழுந்து கேட்போம்!

நாம் கேட்பது:

* வெறும் பெட்டி வேண்டாம். தேனீக் குடும்பத்தோடு, பயிற்சியோடு கொடு!
* சீசனுக்கு முன்பே கொள்முதல் விலையை அறிவி!
* வட்டாரந்தோறும் தேன் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்!
* நோயாலும் மருந்தாலும் அழியும் பெட்டிக்கு இழப்பீடு வழங்கு!

தனியாகக் கேட்டால் மனு குப்பைக்குப் போகும். கூட்டமாகக் கேட்டால் பதில் வரும். தேனீயைப் பாருங்கள்: ஒற்றையாய் வந்தால் விரட்டுவான், கூட்டமாய் வந்தால் ஓடுவான்!

ஒன்று சேர்வோம்! உரிமையை மீட்போம்!