கையெழுத்துப் போட மட்டும் ஒரு குழுவா?

1996ஆம் ஆண்டு. நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் மூளைக்காய்ச்சல் கொள்ளை நோயாய்ப் பரவிக் குழந்தைகளைப் பறித்துக்கொண்டிருந்தது. அந்த வேளையில் அமெரிக்காவின் ஃபைசர் நிறுவனம் அங்கு வந்து இறங்கியது. 100 குழந்தைகளுக்கு டிரோவன் என்ற தன் புதிய மருந்தையும், வேறு 100 குழந்தைகளுக்கு வழக்கத்திலிருந்த மருந்தையும் கொடுத்துச் சோதித்தது. இரு பிரிவிலுமாக 11 குழந்தைகள் இறந்தனர். நோய்தான் காரணம் என்றது நிறுவனம். சோதனை என்றே எங்களிடம் சொல்லவில்லை என்றனர் பெற்றோர்.

மனிதர்கள் மீது மருந்தைச் சோதிக்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டுமே, அது எங்கே? ஒரு கடிதம் காட்டப்பட்டது. அது பின்னர் எழுதி முன்தேதியிடப்பட்ட கடிதம்! அந்தத் தேதியில் அந்த மருத்துவமனையில் நெறிமுறைக் குழுவே இல்லை என்பது பிறகு அம்பலமானது. 2009இல் கானோ அரசுடன் 7.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்ட நிறுவனம், குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

இழப்பு அத்தோடு முடிந்ததா? 2003இல் கானோவில் போலியோ சொட்டு மருந்து நிறுத்தப்பட்டது. மக்களின் அவநம்பிக்கைக்கு இந்தச் சோதனையும் ஒரு காரணம். மருந்தில் குறையில்லை, நம்பிக்கைதான் செத்துப்போயிருந்தது. விளைவு? நைஜீரியாவிலிருந்து கிளம்பிய போலியோ கிருமி 2005இல் இந்தோனேசியா வரை போய்க் குழந்தைகளை முடமாக்கியது.

நாலு நல்லவர்களை உட்கார வைத்தால் குழு ஆகிவிடாது. ஒப்புதல் படிவம் தாய்க்குப் புரியும் மொழியில் இருக்கிறதா? எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு விளக்குவது யார்? மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை கிடைக்குமா? தீங்கு நேர்ந்தால் இழப்பீடு யார் பொறுப்பு? இவற்றைக் கேட்க நல்ல மனம் மட்டும் போதாது; பயிற்சி வேண்டும். நைஜீரியா இதை உணர்ந்தது. 2007இல் தேசிய ஆய்வு நெறிமுறைத் தொகுப்பைக் கொண்டுவந்தது. இபாடான் நகரில் இதற்கென்றே பயிற்சித் திட்டம் நடந்தது.

நம் நாட்டிலும் 2019ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகள் இதையே சொல்கின்றன. குழுவில் குறைந்தது 7 பேர். அவர்களில் மருத்துவம் சாராத பொதுமனிதர் ஒருவராவது இருக்க வேண்டும். குறித்த பயிற்சியை முடிக்காதவர் உறுப்பினராக நீடிக்க முடியாது.

அந்தப் பொதுமனிதர் ஒரு வியாபாரியாக இருக்கலாம், ஓர் ஆசிரியராக இருக்கலாம், நாளை நீங்களாகவும் இருக்கலாம். அழைப்பு வந்தால் தயங்காதீர்கள். ஆனால் தேநீர் குடித்துவிட்டுக் கையெழுத்திட்டுத் திரும்புவதற்காகப் போகாதீர்கள். பயிற்சி கேளுங்கள், படியுங்கள், புரியாததை எழுந்து நின்று கேளுங்கள். அந்தக் கையெழுத்து, முகமறியாத ஒரு தாய் உங்களிடம் ஒப்படைத்த அமானிதம்.