குறுக்குத்துறை முருகனை அதிசயம்னு சொல்லாதீங்க, ப்ளீஸ்

மழை பிடிச்சு பாபநாசம் அணையைத் திறந்துட்டாங்கன்னு செய்தி வந்தா போதும். அடுத்த அரைமணி நேரத்துல ஒரு படம் வாட்ஸப்ல சுத்த ஆரம்பிச்சிடும். செம்மண் கலர்ல ஓடுற தாமிரபரணி, நடுவுல தலையை மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கிற குறுக்குத்துறை முருகன் கோயில். கீழே வழக்கமான வசனம்: எத்தனை வெள்ளம் வந்தாலும் அசையாத அதிசயம், விஞ்ஞானிகளே வியக்கிறார்கள்!

எந்த விஞ்ஞானி அண்ணாச்சி? எந்த ஊர்க்காரர்? இதுல வியக்க என்ன இருக்கு? பார்த்துப் படிச்சுக்கத்தான் நிறைய இருக்கு.

வெளியூர்க்காரங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். திருநெல்வேலி டவுனுக்குப் பக்கத்துல, கரையில இல்ல, ஆத்துக்குள்ளேயே பாறை மேல இருக்கு இந்தக் கோயில். திருச்செந்தூர் முருகன் சிலைக்குக் கல் இங்கேயிருந்துதான் போச்சுன்னு ஒரு கதை உண்டு. திருவுருமாமலைங்கிற பேரும் அந்தக் கதையோட சேர்ந்ததுதான். கதை நல்லா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும். என் சண்டை கதையோட இல்லை, "அதிசயம்"ங்கிற அந்த ஒரு வார்த்தையோட.

கோயிலைக் கொஞ்சம் நின்னு பாருங்க. வெள்ளம் வந்து மோதுற பக்கத்துச் சுவர் படகோட முன்பக்கம் மாதிரி கூர்மையா இருக்கும். வர்ற தண்ணி நேரா அறையாம ரெண்டா பிரிஞ்சு போகும். அதுக்கும் மேல வர்ற தண்ணி? உள்ளே வரட்டும்னு விட்டுட்டாங்க. வெளியே மட்டும் தண்ணி நின்னாத்தான் சுவரை ஒரு பக்கமா தள்ளும். உள்ளேயும் ஏறிட்டா ரெண்டு பக்கமும் அழுத்தம் ஏறக்குறைய சமம். கட்டுமானம் முழுக்கக் கல், நனைஞ்சா ஒண்ணும் ஆகாது. வெள்ளம் வருதுன்னா உற்சவரையும் உண்டியலையும் கரையில இருக்கிற மேலக்கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. மூலவர் தண்ணிக்குள்ளேயே இருப்பார். வடிஞ்சதும் சேறைக் கழுவிட்டு மறுபடி பூஜை.

எங்க தொழில்ல இதுக்குத்தான் மண்டையை உடைச்சுக்கறோம். சர்வர் விழவே விழாதுன்னு நம்பி டிசைன் பண்ணக்கூடாது. விழும், விழும்போது எது போகலாம், எதைக் காப்பாத்தணும், எப்படித் திரும்ப எழுப்பணும்னு முதல்லயே எழுதி வைக்கணும். அதைக் கல்லுல எழுதி வச்சிருக்கான் பேர் தெரியாத ஒரு கொத்தன். அவன் யோசிச்சதை "அதிசயம்"னு சொன்னா அவன் மூளையை நாம ஒத்துக்கலைன்னுதான் அர்த்தம். அது பக்தியும் இல்ல, மரியாதையும் இல்ல.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "ஆத்துக்குள்ள எவனாவது கட்டுவானா, முட்டாத்தனம்"னு பகுத்தறிவு பேசறவங்க. அய்யா, ஆத்துக்குள்ள கட்டினவன் அது ஆறுன்னு தெரிஞ்சு கட்டினான். நாம கட்டினது?

2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்துல பயணிகளோட மாட்டிக்கிச்சு. நெல்லையில ஜங்ஷன் பகுதி முழுக்கத் தண்ணி. கொக்கிரகுளத்துல இருக்கிற கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே வெள்ளம். மாவட்டத்துக்கே வெள்ள நிவாரணம் பார்க்க வேண்டிய ஆபீஸு! "யாருமே எதிர்பார்க்கலை"ன்னாங்க. 1992 நவம்பர்லயும் இதே ஆறு ஊருக்குள்ள வந்ததே, அதுவுமா எதிர்பாராதது? புதுப் பேருந்து நிலையம் இருக்கிற இடத்தோட பேரு வேய்ந்தான்குளம். பேர்லயே குளம் இருக்கு சாமி, இன்னும் என்ன போர்டு வைக்கணும்?

ஊர்க்கதைன்னாலே நமக்கு இதே வியாதிதான். சுலோசன முதலியார் பாலத்தை எடுத்துக்குங்க. 1843-ல கட்டினது. முதலியாரோட மனைவி நகையைக் கழட்டிக் கொடுத்த கதையை நெல்லைக்காரன் எவனைக் கேட்டாலும் கண்ணு கலங்கச் சொல்லுவான். லண்டன் வாட்டர்லூ பாலம் மாதிரின்னு பெருமை வேற. அந்தப் பழைய வாட்டர்லூ பாலத்தை அவங்க 1930கள்லயே இடிச்சுட்டாங்க, நம்ம பாலம் நிக்குது. ஆனா அதுல ஏன் 11 வளைவுன்னு எத்தனை பேர் கேட்டிருப்போம்? ஆறு போக வழி விட்டிருக்காங்க, அதான். நகையை ஞாபகம் வச்சுக்கிட்டோம், வளைவை மறந்துட்டோம்.

அதனால இனிமே அந்தப் படத்தை ஃபார்வர்ட் பண்றவங்க கீழே ரெண்டு வரி சேர்த்து எழுதுங்க. ஒண்ணு, 1992-லயும் 2023-லயும் தண்ணி எந்த மட்டம் வரை வந்ததுன்னு ஊருக்குள்ள தெருத்தெருவா கோடு போட்டு வைக்கச் சொல்லி. ரெண்டு, அந்தக் கோட்டுக்குக் கீழே இனிமே ஒரு அரசுக் கட்டடம்கூட வரக்கூடாதுன்னு. குளத்துக்குப் போற வாய்க்காலை யார் அடைச்சாங்கன்னும் கேளுங்க. இதைக் கேக்க விஞ்ஞானி தேவையில்லை, வீட்டு வரி கட்டுறவன் போதும்.

அடுத்த வெள்ளத்துலயும் குறுக்குத்துறை முருகன் முங்குவார், எழுந்திருப்பார். அவருக்குத் திட்டம் இருக்கு. நமக்குத்தான் இல்லை.

டிஸ்கி: சாமி குத்தம்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு, நானும் கந்த சஷ்டிக்கு அங்கே போறவன்தான். திட்டினது முருகனை இல்ல, நம்மளை.