ஆமா ஸார்!

புதுசாக ஒரு பாஷை கற்றுக்கொள்ள நம் நாட்டில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பஸ் ஸ்டாண்டில் விற்கும் 'முப்பது நாளில்' புத்தகம். இரண்டு, காதல். மூன்று, பசி. முதல் வழியில் போனவர்கள் நாலாம் நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் வழியில் போனவர்கள் கல்யாணத்துக்குப் பிறகு பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது ஆசாமிகள்தான் உருப்படியாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பெயரே இதற்குச் சாட்சி. வத்திராயிருப்பு பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிற கான்சாபுரம். கான் சாகிப் என்கிற மருதநாயகத்தின் பெயரால் வந்த ஊர் என்பார்கள். (1997-ல் இங்கிலாந்து மகாராணி வந்து துவக்கி வைத்தும் இன்னும் முடியாமல் நிற்கிறதே கமல் படம், அவரேதான்!) மனுஷர் தமிழ் போக ஆங்கிலம், பிரெஞ்சு என்று பல பாஷை பேசுவாராம். எல்லாம் பிழைப்புக்காகப் போன இடத்தில் பிடித்துக்கொண்டது. கடைசியில் 1764-ல் மதுரையில் அவரைத் தூக்கில் போட்டார்கள். போட்டவர்களின் பாஷையும் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் சோகம்.

பக்கத்திலேயே ராஜபாளையம். அங்கே ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் சுத்தமான தமிழ். அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக அவகாசம் இருந்தது. இப்போது ரயிலேறி வருகிறவர்களுக்கு அந்த அவகாசம் இல்லை. இன்றைக்கு இறங்கினால் நாளைக்கு ஷிப்ட்!

1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கம் பஞ்சும் நூலும்தான் சோறு. முன்பெல்லாம் மில் வேலைக்குச் சுற்றுவட்டாரத்து ஆட்கள் சைக்கிளில் போவார்கள். இன்று இந்தப் பக்கத்து மில்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்களைப் பார்க்கலாம். அவர்களுக்கு நம் ஆட்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது என்ன தெரியுமோ? கெட்ட வார்த்தை. அதை வணக்கம் என்று நம்பி சூப்பர்வைஸரிடம் பவ்யமாகச் சொன்ன பையன் கதை மில்லுக்கு ஒன்று உண்டு.

அவர்கள் தாங்களாகக் கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று. 'ஆமா ஸார்!'

கொஞ்ச நாள் முன்பு டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் பார்த்தேன். ஒடிசாப் பையன், இருபது வயது இருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறான்.

"இன்னைக்குத்தான் வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"ஆமா ஸார்."

"மூணு நாளா வலிக்குதா?"

"ஆமா ஸார்."

"ஏம்ப்பா, ரெண்டுல எது?"

"ஆமா ஸார்."

இந்திப் பிரசார சபாவின் பிராத்மிக் பரீட்சை வரை படித்தவன் என்ற ஒரே தகுதியில் நான் நுழைந்தேன். அவனுக்கு வீட்டில் ஒரியா, இந்தி அரைகுறை. எனக்கு இந்தி கால்குறை. (வடக்கே இருந்து வந்தால் இந்தி என்று முடிவு கட்டுவது நம் பழக்கம். நம்மையெல்லாம் அவர்கள் 'மதராஸி' என்கிற மாதிரி!) இரண்டு பேருமாகக் கையைக் காலை ஆட்டிப் பேசியதில் விஷயம் வந்தது. மூன்று நாளாக வலி. 'வலி' என்ற வார்த்தை தெரியாததால் "சாப்பாடு வேணாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை போல என்று விட்டுவிட்டார்கள். அப்பெண்டிக்ஸ். நல்லவேளை, அன்றைக்கே ஆபரேஷன் செய்துவிட்டார்கள், பிழைத்தான்.

வந்து எட்டு மாசமாம். எட்டு மாசத்தில் தமிழ் வராதா என்று கேட்காதீர்கள். ஷிப்ட் முடிந்தால் ஹாஸ்டல். ஹாஸ்டல் ரூமில் அத்தனை பேரும் அவன் ஊர்க்காரர்கள். தமிழ் பேச ஆள் எங்கே?

2023 மார்ச் நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றின. பயந்துபோய்ப் பலர் ஊருக்குக் கிளம்பினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. நம் போலீஸே "வதந்தி, நம்பாதீர்கள்" என்று இந்தியில் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. பொய் அவர்கள் பாஷையில் செல்போனுக்கே வந்துவிட்டது. உண்மை பக்கத்து டீக்கடையில் தமிழில் உட்கார்ந்திருந்தது!

இதே கதையின் அமெரிக்கப் பதிப்பு பெரியப்பா மகள் மூலம் தெரியும். ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். கல்யாணமாகி நியூஜெர்ஸி. அங்கே லைப்ரரிகளில் இலவசமாக ஆங்கில வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேட்டதும், "அப்புறம் என்னக்கா, ஜமாய்!" என்றேன்.

"வகுப்பு இலவசம்தான் தம்பி. போய்ச் சேரத்தான் முடியல. வகுப்பு காலையில. கார் உங்க மாமாவோட ஆபீஸ் போயிரும். பிள்ளைய யார்கிட்ட விட? சாயங்கால வகுப்புக்கு வெயிட்டிங் லிஸ்ட்."

அங்கே குடியுரிமை வேண்டுமானால் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியத்தில் ஒன்றைச் சரியாகப் படிக்க வேண்டும், மூன்றில் ஒன்றைச் சரியாக எழுத வேண்டும். 2025 மார்ச்சில் ஆங்கிலமே ஆட்சிமொழி என்று ஜனாதிபதி டிரம்ப் உத்தரவு போட்டார். அதே வருஷம் ஜூலையில், பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்புகளுக்கான மத்திய அரசுப் பணமும் சேர்த்து நிறுத்திவைக்கப்பட்டு, கூச்சல் எழுந்த பிறகு மாசக் கடைசியில் விடுவிக்கப்பட்டது. 'நீச்சல் கட்டாயம்' என்று போர்டு வைத்துவிட்டுக் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிட்ட கதை!

இத்தனைக்கும் அதே அமெரிக்காவில் 1914-ல் ஹென்றி ஃபோர்டு தன் கார் தொழிற்சாலையிலேயே ஆங்கிலப் பள்ளிக்கூடம் வைத்தார். வாத்தியார்கள் அங்கே வேலை பார்த்தவர்கள்தான். ஷிப்டுக்கு முன்னாலோ பின்னாலோ வகுப்பு. படிப்பு முடிந்தால் விழா. மேடையில் பிரம்மாண்டமான அண்டா. தொழிலாளி தன் நாட்டு உடுப்போடு ஒருபக்கம் அண்டாவில் இறங்குவார். வாத்தியார்கள் பெரிய கரண்டியால் கிண்டுவார்கள். மறுபக்கம் கோட்டு சூட்டோடு கையில் அமெரிக்கக் கொடி பிடித்து வெளியே வருவார். நிஜமாக நடந்தது ஸார்! அந்த அண்டா நமக்கு வேண்டாம். ஆளைக் கரைக்காமலே பாஷை சொல்லித்தரலாம். ஆனால் வகுப்பை வேலை நடக்கிற இடத்துக்குக் கொண்டுபோன யோசனையை மட்டும் சுட்டுக்கொள்ளலாம்.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 2017-ல் எழுத்தறிவு இயக்கம் பெரும்பாவூரில் ஒரு திட்டம் தொடங்கியது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் சொல்லித்தர 'ஹமாரி மலையாளம்' என்று பாடப் புத்தகமே போட்டார்கள். திட்டத்தின் பெயர் 'சங்ஙாதி'. தோழன் என்று அர்த்தம். நம்மிடமும் 'சங்காத்தம்' என்ற வார்த்தை இருக்கிறது. "உன் சங்காத்தமே வேண்டாம்" என்று திட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறோம்!

பி.காம். படித்தவன், கணக்காகச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம், சம்பளம் பிடிக்காமல், ஷிப்டுக்குள்ளேயே தமிழ் வகுப்பு. டெபிட்: அந்த ஒரு மணி நேர நூல், ஒரு போர்டு, சாக்பீஸ், ரிடையர் ஆன தமிழ் வாத்தியாருக்குச் சின்னதாக ஒரு தொகை. கிரெடிட்: மெஷினில் கை மாட்டுவதற்கு முன்னால் "நிறுத்து" என்று கத்தத் தெரிந்த தொழிலாளி, சம்பளச் சீட்டில் பிடித்தம் எதற்கு என்று கேட்கத் தெரிந்த தொழிலாளி. (இரண்டாவதை முதலாளிகள் டெபிட் பக்கம் எழுதக்கூடும்!)

ஹாஸ்டல் பக்கம் குடியிருக்கிறவர்களும் ஆளுக்கு ஒரு பையனுக்குப் பத்து வார்த்தை சொல்லித்தரலாம். நல்ல வார்த்தைகளாக! வலி, தண்ணீர், சம்பளம், லீவு, டாக்டர் என்று ஆரம்பியுங்கள்.

முதல் நாள் பாடம் மட்டும் என் சிபாரிசு. 'ஆமா ஸார்' அவர்களுக்கு ஏற்கெனவே வரும். 'இல்லை ஸார்' சொல்லிக்கொடுங்கள்.