கையெழுத்தும் நம்பிக்கையும்



ஊர் நடுவே பொது மண்டபம் ஒன்றைக் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இடம் தருகிறார். கொத்தனார் கூலி வாங்காமல் சுவர் எழுப்புகிறார். தச்சர் கதவு செய்து தருகிறார். நாமும் நம்மால் ஆனதைச் செய்கிறோம். வேலை தொடங்கும் முன் எல்லாரிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். வெறும் நடைமுறைதானே என்று வாசிக்காமலே கையெழுத்திடுகிறோம். பத்தாண்டுகள் கழித்து ஒருநாள் காலை, வாசலில் புதிய பலகை தொங்குகிறது. இடம் தந்தவரின் தொழிலுக்குப் போட்டியாக இருப்பவர்கள் இனி மண்டபத்தைப் பயன்படுத்தக் கூடாதாம். ஏன் என்று கேட்டால், அன்று நாம் கையெழுத்திட்ட தாளைக் காட்டுகிறார்கள். சட்டப்படி அவர்கள் செய்தது சரிதான். ஆனாலும் நம் மனம் உறுத்துகிறது.

இதே உறுத்தலைக் கணினி உலகம் 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அனுபவித்தது. அதைப் பற்றி இன்று சற்றே சிந்திப்போம்.

நடந்தது என்ன?

ஹாஷிகார்ப் என்ற அமெரிக்க நிறுவனம் 2014-இல் டெராஃபார்ம் என்ற மென்பொருளை வெளியிட்டது. ஒரு வங்கிக்கோ பல்கலைக்கழகத்திற்கோ தேவையான சர்வர்களையும் இணைய வசதிகளையும் ஒவ்வொன்றாகக் கையால் அமைக்காமல், வேண்டியதை எழுதிக் கொடுத்தால் தானே அமைத்துத் தரும் கருவி அது. அது திறந்த மூல மென்பொருளாக வந்தது. அதாவது, அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். இந்த அனுமதிகளை எழுதித் தரும் ஆவணமே உரிமம் எனப்படுகிறது.

அந்த உரிமத்தை நம்பி உலகெங்கும் பலர் பிழைகளைத் திருத்தினார்கள், புதிய வசதிகளைச் சேர்த்தார்கள், அதைச் சார்ந்து சிறு தொழில்களையும் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்டு 10 அன்று நிறுவனம் உரிமத்தை மாற்றியது. இனி வரும் பதிப்புகளை நிறுவனத்தோடு போட்டியிடும் சேவைக்குப் பயன்படுத்தக் கூடாது என்றது. ஒவ்வொரு பதிப்பும் நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே பழைய உரிமத்திற்குத் திரும்பும் என்றும் அறிவித்தது.

பிறர் எழுதிய பகுதிகளின் உரிமத்தையும் ஒரு நிறுவனம் எப்படித் தனியாக மாற்ற முடிந்தது? இங்குதான் பங்களிப்பாளர் ஒப்பந்தம் வருகிறது. டெராஃபார்முக்கு நிரல் எழுதித் தந்தவர்கள், தங்கள் படைப்பை நிறுவனம் வேறு உரிமத்தின் கீழும் வெளியிடலாம் என்ற அதிகாரத்தை அந்த ஒப்பந்தத்தில் முன்பே கொடுத்திருந்தார்கள். பழைய உரிமம் எல்லாரையும் ஒரே விதிக்குள் கட்டியது. ஒப்பந்தமோ ஒருவருக்கு மட்டும் அந்தக் கட்டிலிருந்து வெளியேற வழி விட்டது.

இரு பக்க நியாயங்கள்

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. மென்பொருளை வளர்க்க ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அவர்கள். சிலரோ எதையும் திருப்பித் தராமல் அதே மென்பொருளை வைத்து வருவாய் ஈட்டுகிறார்கள். ஹாஷிகார்ப் சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுதான். எலாஸ்டிக் நிறுவனம் 2021-இல் தன் தேடுபொறி மென்பொருளின் உரிமத்தை மாற்றியபோதும், அமேசான் அதைச் சேவையாக விற்றதையே சுட்டிக்காட்டியது. உழைத்தவருக்குப் பலன் கிடைக்க வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஒப்பந்தம் கேட்பதும் தன்னிலே தவறன்று. 2003-இல் எஸ்.சி.ஓ. என்ற நிறுவனம், தன் நிரல் அனுமதியின்றி லினக்ஸில் சேர்க்கப்பட்டது என்று ஐ.பி.எம். மீது வழக்குத் தொடுத்தது. யார் எழுதியது, எழுதியவருக்கு அதைத் தர உரிமை இருந்ததா என்பதற்குப் பதிவு தேவை என்பதை எல்லாரும் அன்று உணர்ந்தார்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் தன் திட்டங்கள் பலவற்றுக்குப் பதிப்புரிமையையே எழுதி வாங்கியது. ஆனால் அது பதிலுக்கு ஒரு வாக்குறுதியும் எழுதிக் கொடுத்தது. நீங்கள் தந்ததை என்றும் கட்டற்ற முறையில்தான் வெளியிடுவோம் என்ற உறுதி அது. எனவே, கையெழுத்து வாங்கியதா இல்லையா என்பதோடு நம் கேள்வி முடிந்துவிடக் கூடாது. வாங்கியவர் பதிலுக்குத் தம்மை எதற்குக் கட்டுப்படுத்திக்கொண்டார் என்பதையும் கேட்க வேண்டும்.

எலாஸ்டிக் நிறுவனம் 2018-இல், தன் திறந்த மூல நிரலின் உரிமத்தை ஒருபோதும் மாற்றப்போவதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. மூன்றாண்டுகளுக்குள் மாற்றியது. சொன்னவர்கள் அன்று உண்மையாகவே அப்படி எண்ணியிருக்கலாம். நல்லெண்ணத்தில் சொன்ன சொல்லும், ஒப்பந்தத்தில் எழுதிய சொல்லும் ஒன்றல்ல என்பதே இதில் நாம் காணும் பாடம். நிறுவனங்கள் கைமாறும், நிர்வாகிகள் மாறுவார்கள். ஹாஷிகார்ப்பையே ஐ.பி.எம். 640 கோடி டாலருக்கு வாங்குவதாக 2024 ஏப்ரலில் அறிவித்து, 2025 பிப்ரவரியில் வாங்கி முடித்தது. அன்று பங்களிப்பாளர்கள் கொடுத்த கையெழுத்துகளின் பயன் இன்று, அவர்கள் நினைத்துப் பார்க்காத ஒருவர் கையில் இருக்கிறது.

உடைந்தது ஒட்டியதா?

உரிமம் மாறியதும் டெராஃபார்மைச் சார்ந்திருந்தவர்கள் முதலில் கோபித்துப் பிரியவில்லை. பழைய உரிமத்திற்குத் திரும்புங்கள் என்று கேட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களும் நூற்றுக்கணக்கான தனிமனிதர்களும் அந்த வேண்டுகோளை ஆதரித்தனர். நிறுவனம் இறங்கி வரவில்லை. பழைய உரிமத்தில் இருந்த கடைசி நிரலை எடுத்து, அவர்கள் தனியே ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். 2023 செப்டம்பரில் அது ஓப்பன்டோஃபு என்ற பெயரில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வந்தது. முன்பே கொடுத்துவிட்ட அனுமதியைத் திரும்பப் பறிக்க முடியாது என்பதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

2024 மார்ச்சில் ரெடிஸ் நிறுவனம் உரிமத்தை மாற்றியபோது, சில நாள்களுக்குள்ளாகவே வால்கீ என்ற பிரிவு தோன்றியது. பின்னர் எலாஸ்டிக் 2024-லும் ரெடிஸ் 2025-லும் மீண்டும் ஒரு திறந்த மூல உரிமத்தைச் சேர்த்துக்கொண்டன. அதை வரவேற்போம். ஆனால் பிரிந்து போனவர்கள் திரும்பி வந்து ஒன்றாகிவிடவில்லை. உரிமத்தை ஓர் அறிவிப்பால் மாற்றிவிடலாம். நம்பிக்கையை அப்படித் திரும்பப் பெற முடிவதில்லை.

வேறு வழிகள் இல்லையா?

இருக்கின்றன. எஸ்.சி.ஓ. வழக்குக்குப் பின் 2004-இல் லினக்ஸ் ஓர் எளிய வழியைக் கண்டது. நிரல் தருபவர் தம் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ஒரே ஒரு வரியைச் சேர்க்கிறார். இதைத் தர எனக்கு உரிமை உண்டு, இத்திட்டத்தின் உரிமத்தின்படியே தருகிறேன் என்பது அதன் பொருள். எழுதியவரின் பதிப்புரிமை அவரிடமே, அல்லது அவர் வேலை செய்யும் நிறுவனத்திடமே இருக்கிறது. இதனால் லினக்ஸின் உரிமை ஆயிரக்கணக்கானோரிடம் பரவிக் கிடக்கிறது. அதைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் நினைத்தாலும் தனியாக உரிமத்தை மாற்ற முடியாது. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு தொலைபேசிகளுக்கு அடிப்படையாக இருப்பது இந்த லினக்ஸ்தான். கிட்லேப் நிறுவனமும் 2017-இல் தன் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தை விட்டு, இதே ஒருவரி முறைக்கு மாறியது.

உரிமத்தை மாற்றவே கூடாது என்பதும் இல்லை. விக்கிப்பீடியாவின் பழைய உரிமம் மென்பொருள் கையேடுகளுக்காக எழுதப்பட்டது. சிறு கட்டுரையை அச்சிட்டாலும் உரிமத்தின் முழு உரையையும் சேர்க்க வேண்டிய சிரமம் இருந்தது. 2008 நவம்பரில் அதை மாற்றச் சட்டப்படி வழி பிறந்தது. ஆனாலும் 2009-இல், எழுதியவர்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். 17,000-க்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். முக்கால் பங்கினர் ஆதரித்த பிறகே உரிமம் மாறியது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அப்படித்தான் பழைய உரிமத்திலிருந்து மாறியது. அதிகாரம் இருந்தும் கேட்டார்கள். மாற்றத்திற்குப் பின்னும் விக்கிப்பீடியாவின் வீடு உடையவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

நம் பங்குகளிலும் கணினி படித்த இளையோர் பலர் உள்ளனர். இரவில் கண்விழித்துத் திறந்த மூலத் திட்டங்களுக்கு உழைப்பவர்களும் அவர்களில் இருக்கலாம். தாராளமாகக் கொடுங்கள், அது நல்ல பழக்கம் என்றே அவர்களுக்குச் சொல்வோம். கூடவே, கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்வோம். விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? அவர் பதிலுக்கு நமக்கு என்ன எழுதித் தருகிறார்? அவர் இடத்தில் நாளை வேறொருவர் வந்தால் நம் நிலை என்ன?

இக்கேள்விகள் சந்தேகத்தின் அடையாளங்கள் அல்ல. பலர் சேர்ந்து கட்டியது பலருக்கும் பயன்பட வேண்டும் என்ற அக்கறையே இவற்றைக் கேட்க வைக்கிறது. பொறுப்பில் இருப்பவர்களும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு. மாற்ற நமக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் கொடுத்தவர்களிடம் கேட்டோமா?

மண்டபத்தின் வாசலில் பலகையை மாற்றும் முன், கொத்தனாரையும் தச்சரையும் ஒருமுறை அழைத்துப் பேசியிருந்தால், ஒருவேளை அவர்களே அதற்கு ஆணி அடித்துக் கொடுத்திருப்பார்கள்.