நிலமும் பொழுதும் காமிராவும்

பழனிசெட்டிபட்டியில் நாட்காட்டி குறிக்கும் நேரத்துக்கு முன்பே சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். அதற்குப் பிறகும் வெகுநேரம் நிழல் விழாத ஒரு மெல்லொளி முல்லைப் பெரியாற்றின் மீதும் வயல்களின் மீதும் தங்கியிருக்கும். இவ்வெளிச்சத்துக்காக ஒளிப்பதிவாளர்கள் காத்துக் கிடப்பார்கள். ஆனால் மலையிலிருந்து மூட்டை சுமந்து இறங்குகிறவருக்கு அது இருட்டுவதற்குள் அடிவாரம் சேர வேண்டும் என்ற எச்சரிக்கை. இவ்விருவரில் யாருடைய கண்ணால் நம் திரைப்படங்கள் இந்த மலையைப் பார்க்கின்றன என்பதே என் கேள்வி.

தமிழ் இலக்கியம் பயின்றவர்களுக்கு இக்கேள்வி புதிதல்ல. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, பாலைக்கு நண்பகல் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சிறுபொழுதை உரியதாக்கியது. மாந்தரின் உணர்வாகிய உரிப்பொருள் இந்த அடித்தளத்தின் மீதுதான் நிற்கிறது. திரைப்படத்துக்கும் இது பொருந்தும் என்பது என் துணிபு. காமிரா எவ்வளவு தொலைவில், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது நிலத்தைத் தீர்மானிக்கிறது. ஒளியமைப்பு பொழுதைத் தீர்மானிக்கிறது. நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே காட்சியின் உணர்வில் பாதி முடிவாகிவிடுகிறது.

தமிழ்த் திரையைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றவர் எங்கள் பக்கத்து அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா. எனினும் 1977இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ படமாக்கப்பட்டது கர்நாடகத்தின் கொள்ளேகால் பகுதியில்; 1985இன் ‘முதல் மரியாதை’யும் காவிரிக் கரையில், கர்நாடகத்தில்தான். நிவாசும் கண்ணனும் அப்படங்களில் தந்த காட்சிகள் இன்றும் மனத்தில் நிற்கின்றன. ஆயினும் நம் கிராமம் என்று நாம் நெஞ்சில் வைத்திருக்கும் வெளிச்சத்தில் ஒரு பகுதி இரவல் வெளிச்சம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒளி எவ்வளவு வலுவாக நம்மை நம்பச் செய்கிறது என்பதற்கு இதுவே சான்று.

ஒளியால் ஒரு மனிதனின் உள்ளத்தையும் எழுதிவிட முடியும். ‘நாயகன்’ (1987) படத்தில் பி.சி. ஸ்ரீராம் பல காட்சிகளில் மேலிருந்து மட்டும் ஒளியைப் பாய்ச்சியிருப்பார். வேலு நாயக்கரின் கண்குழிகளில் இருள் தேங்கும். அவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியை வசனம் கேட்பதற்கு முன்பே அந்த நிழல் கேட்டுவிடுகிறது. அப்படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. 1972இல் ‘தி காட்ஃபாதர்’ படத்தில் கார்டன் வில்லிஸ் கையாண்ட முறைக்கு இது உறவுடையது என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

இனி என் உள்ளத்துக்கு நெருக்கமான படத்துக்கு வருகிறேன். லெனின் பாரதி இயக்கி 2018இல் வெளிவந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். இந்த மண்ணின் மக்கள் பலர் நடித்திருக்கிறார்கள். நிலமற்ற சுமைத் தொழிலாளியான ரங்கசாமி, ஏலத் தோட்டத்து மூட்டைகளைச் சுமந்தபடி சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கக் கனவு காண்கிறார். மலைப்பாதையில் அவர் நடக்கும்போது காமிரா பெரும்பாலும் விலகியே நிற்கிறது. பரந்த சரிவில் மனிதர்கள் சிறு உருவங்களாக ஏறி இறங்குகிறார்கள். அவர்களுடைய துயரத்தை முகத்துக்கு அருகே சென்று பிழிந்தெடுக்கும் அண்மைக் காட்சிகள் குறைவு.

இப்படத்தைப் பற்றி வகுப்பில் பேசியபோது ஒரு மாணவர், “ஐயா, எல்லாமே தூரத்திலேயே நடக்கிறது. அழுகையே வரவில்லையே” என்றார். அது நேர்மையான எதிர்வினை. மழை, பின்னணி இசை, கண்ணீர் வழியும் முகம் ஆகிய மூன்றையும் சேர்த்தால்தான் சோகம் என்று நம் திரை அவரைப் பழக்கியிருக்கிறது. ஆனால் அண்மைக் காட்சி ஒருவரின் துயரை அவருக்கு மட்டுமே உரியதாக்கிவிடும். சேய்மைக் காட்சியோ அத்துயரைச் சுற்றியுள்ள நிலத்தையும் பாதையையும் உடமையையும் சட்டத்துக்குள் கொண்டுவருகிறது. ரங்கசாமியின் தோல்வி அவருடைய ஊழ் அன்று, அந்த நிலத்தில் நிகழும் மாற்றங்களின் விளைவு என்று சொல்ல விரும்பும் படத்துக்கு வேறு தொலைவு பொருந்தாது.

இறுதிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். நிலம் கைவிட்டுப் போன பின், அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கு அவர் காவலாளி. காமிரா அவரை விட்டு மெல்ல மேலேறுகிறது. அவர் ஒரு புள்ளியாகச் சிறுக்க, காற்றாலைகள் பரந்து விரிகின்றன. ஒருவர்கூட அழவில்லை. அம்மாணவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

அதுவும் அழகான காட்சிதானே என்று கேட்கலாம். ஆம், அழகுதான். ஆனால் இரண்டு மணி நேரம் அந்தப் பாதையில் நம்மை நடக்கவைத்த பிறகே அது நம்மை வானுக்கு ஏற்றுகிறது. இன்று திருமண வீடியோக்களிலும் சுற்றுலாப் படங்களிலும் டிரோன்கள் இதே பள்ளத்தாக்கின் மீது நாள்தோறும் பறக்கின்றன. பச்சைப் பாய் விரித்ததுபோல் எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. அங்கே உழைப்பவர் ஒருவர்கூடத் தெரிவதில்லை. உயரம் ஒன்றே, பார்வை வேறு.

தேனி ஈஸ்வரே பின்னர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தில் காமிராவைப் பெரும்பாலும் அசையாமல் நிறுத்தி, தமிழ்க் கிராமம் ஒன்றின் உச்சிவெயிலைப் படமாக்கினார். வெயில் தலைக்கு மேல் நிற்கும் வேளையை முகத்துக்கு ஆகாது என்று பொதுவாகத் தவிர்ப்பார்கள். இங்கே அவ்வெயிலும் அசைவின்மையுமே ஒரு மனிதன் தன்னை இழக்கும் மயக்கத்தை நம்பவைக்கின்றன. நண்பகலைப் பாலைக்கு உரியதாக்கிய பழந்தமிழ் மனம் இதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

கைப்பேசியிலேயே குறும்படம் எடுக்கும் என் மாணவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: பொன்மாலை ஒளிக்காகக் காத்திருப்பதற்கு முன், உங்கள் கதைமாந்தரின் பொழுது எது என்று அறியுங்கள். சுமை தூக்குகிறவருக்கு அது விடியலுக்கு முந்தைய இருளாக இருக்கலாம், நடுப்பகலாகவும் இருக்கலாம். அந்நேரத்தில் அவர் நிற்கும் இடத்தில் போய் நில்லுங்கள். காமிராவை எங்கே வைப்பது என்பது அதன் பிறகு தானே விளங்கும்.